பின்வாசல் வழியாக வந்த கேமரா

போன வாரம் திருப்பூரிலிருந்து ஓர் இளைஞர் கைபேசியில் கூப்பிட்டார். கண்மாய் மடைகளைப் பற்றி ஒரு சிற்றிதழில் நான் எழுதிய கட்டுரையைப் பார்த்தாராம். பார்த்தேன் என்றுதான் சொன்னார், படித்தேன் என்று சொல்லவில்லை. கூடவே அச்சாகியிருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் எந்தக் கேமராவில் எடுத்தவை என்று கேட்டார். உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு ஃபிலிமாகச் செருகி எடுக்கும் பழைய மரக் கேமரா என்றேன். குரலே மாறிவிட்டது. "சார், எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. கையில காசு கம்மி. மொதல்ல எதை சார் வாங்கறது?"

சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். கேமரா வெறும் பெட்டிதான், இருக்கிற காசை லென்சில் போடுங்கள். முன்னும் பின்னும் நீண்டு மடியும் தோல் துருத்தியை இருட்டறையில் முழுக்க விரித்து, உள்ளே ஒரு பல்பை விட்டுப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் கசிந்தாலும் வேண்டாம். ஃபிலிம் செருகும் சட்டங்கள் கூடவே கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். சட்டம் இல்லாத கேமரா அலமாரி அலங்காரத்துக்குத்தான் ஆகும். அவர் எழுதிக்கொண்டார். இன்னும் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் கேமரா இதற்கு முன்னால் யாரை எல்லாம் எடுத்திருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைச் சொன்னால் கிறுக்கன் என்று நினைப்பார். விழுங்கிவிட்டேன். உங்களிடம் சொல்லலாம்.

ஃபிலிம், கேமரா என்று பேச்சு வந்தாலே எனக்கு ஏலக்காய் வாசனை அடிக்கும். படம் கழுவும் ஹைப்போவின் புளித்த நெடி அடித்தால் நியாயம். என் மூக்கில் அந்த இரண்டும் சேர்ந்தே குடியிருக்கின்றன. அம்மா போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் காய் பொறுக்கினாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து, பச்சையை ஒரு பக்கம், வெளுத்ததை ஒரு பக்கம், வாய் பிளந்ததை ஒரு பக்கம் என்று தள்ளிக்கொண்டே இருக்கும் வேலை. பண்டிகைக்குப் புதுச் சேலை கட்டினாலும் அதில் ஏலக்காய் மணக்கும். ஊரில் எல்லாருக்கும் பாயசத்தில்தான் அந்த வாசனை. எனக்குக் காய்ச்சல், பரீட்சை, பட்டினி எல்லாவற்றிலும் அதுதான்.

அப்பா இறந்தபோது எனக்கு இரண்டு வயது. அப்போது ஜெயமங்கலத்தில் இருந்தோம். அவர் போன பிறகு இருந்த கொஞ்ச நிலமும் கைமாறி, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தான் பிறந்த போடிக்கே வந்துவிட்டாள். அப்பாவாக எங்களோடு வந்தது சட்டம் போட்ட ஒரு படம். தலையும் தோளும் மட்டும். கண்கள் நல்ல அகலம். நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்கும், கிட்டே போனால் நமக்குப் பின்னால் யாரையோ பார்க்கிற மாதிரி இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவர் முகத்தை நான் தெரிந்துகொண்டேன்.

வருஷத்தைச் சரியாகச் சொல்லாவிட்டால் எனக்கு அடுத்த வரி ஓடாது. நான் கேமரா தேடி அலைந்தது 2010, போடி மீட்டர்கேஜ் ரயில் ஓடிக்கொண்டிருந்த கடைசி வருஷம். பெரியகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, முருகேசன் என்ற சக ஊழியரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வாரக் கடைசியில் போடிக்குப் போவேன். நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் புகைப்படப் புத்தகம் கிடைத்தது. அதில் ஒரு கிழவியின் முழுப்பக்கப் படம். முகத்தின் ஒவ்வொரு கோடும், காதோரம் ஒட்டியிருந்த ஒற்றை முடியும், சேலையில் நூல் பிரிந்த இடமும் தெரிந்தன. கீழே பெரிய வடிவ ஃபிலிமில் எடுத்தது என்று போட்டிருந்தது. அன்றைக்கு என்னைப் பிடித்தது பேய்.

அம்மாவுக்கென்று இருந்த ஒரே படம் வாக்காளர் அட்டையில்தான். பள்ளிக்கூடத்து வராந்தாவில் வரிசையில் நிறுத்தி எடுத்தது.

"களவாண்டு மாட்டிக்கிட்டவ மாதிரில்ல இருக்கேன்" என்பாள் அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கேட்டாள்.

"ஏலே, என்னையும் பெருசா ஒண்ணு எடுத்து உங்கப்பா பக்கத்துல மாட்டிரு. நான் போனபெறகு போட்டோவுக்கு அலையாதீக."

"இப்ப என்னம்மா அவசரம்?"

"இப்பத்தான்டா மூஞ்சி பாக்குற மாதிரி இருக்கு. இன்னும் நாலு வருசம் போனா எந்தக் கண்ணாடியும் சேத்துக்காது."

ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போயிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்கள் எல்லாம் அப்போதுதான் கணினிக்கு மாறியிருந்தன. யார் போய் உட்கார்ந்தாலும் சலித்த மைதா மாவு மாதிரி ஆக்கி அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு அத்தை எடுத்துவந்த படத்தை அம்மா இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. அதுசரி, இது யாரு?" என்றாள். அத்தை ஒரு மாதம் பேசவில்லை.

ஆக, அம்மாவை அம்மாவாகவே எடுப்பது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். அதற்குப் பெரிய கேமரா வேண்டும். சென்னையில் ஒருவர் ஜப்பான் கேமரா ஒன்று வைத்திருந்தார்; இரும்புத் தண்டின் மேல் நகரும் வகை. அதற்குச் சொன்ன விலையில் போடியில் சைக்கிள் கடை வைக்கலாம். மும்பையில் ஒருவர் கேமராவின் உடம்பை மட்டும் மலிவாகத் தருவதாகச் சொன்னார், லென்ஸ் தனி, சட்டம் தனி, எல்லாம் கூட்டினால் சென்னைக்காரரே தேவலை. நாமே செய்துவிடலாம் என்று ஓர் இணையதளத்தில் படித்துவிட்டு, பெரியகுளத்தில் ஓர் ஆசாரியிடம் படம் வரைந்து கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புறாக் கூண்டுன்னா புறாக் கூண்டுன்னு சொல்லுங்க தம்பி, வெக்கப்படாதீக" என்றார்.

முருகேசனுக்கு நல்ல பொழுதுபோக்கு. "பொண்ணு பாக்குற வயசுல பொட்டி பாத்துக்கிட்டுத் திரியுறான்யா" என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். இருந்தாலும் தேனிக் கடைவீதியில் ஒரு பழைய ஸ்டுடியோ கடையைக் காலி செய்கிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவன் அவன்தான்.

அது பங்குனி மாதம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தேனிக்குப் போகிற வழியெல்லாம் மாம்பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வந்திருந்தது. ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் இறந்துபோயிருந்தார். மகன் செல்வின் கடையைக் கைபேசிக் கடையாக மாற்றிக்கொண்டிருந்தான். கல்லாவுக்கு மேலே அலமாரியில் ஒரு கேமரா, சந்தனமும் பூவும் வைத்து, பளபளவென்று இருந்தது. சிலுவை மாட்டியிருக்கும் வேதக்காரர்கள் கடையில் சந்தனமா என்று நான் பார்த்ததைக் கவனித்து, "அது அப்பாட்ட வேலை பாத்த அண்ணன் வச்ச பழக்கம். அது விக்கிறதுக்கு இல்லண்ணே. நீங்க கேக்குறது பின்னாடி இருக்கு" என்றான்.

பின்னாடி என்றால் கடைக்குப் பின்கட்டு. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, கக்கூசை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு குடை, ஒரு மடக்கு நாற்காலி, சாக்கில் சுற்றிய பெட்டி. பிரித்தால் தேக்கு மரம், பித்தளை மூட்டுகள், உள்ளங்கை அகல ஃபிலிம் போடும் பழைய அரைத்தட்டு அளவுக் கேமரா. லென்ஸ் இருந்தது. ஃபிலிம் சட்டங்கள் இருந்தன. வெளியே கறுப்பும் உள்ளே சிவப்புமாகத் தைத்த முக்காட்டுத் துணிகூட இருந்தது. என் ஆசையைப் பார்த்து அவன் விலையை ஏற்றிவிடக்கூடாதென்று துருத்தியில் ஓட்டை தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"இவ்வளவு நல்ல சாமானை ஏன் இங்கன போட்டு வச்சிருக்கீங்க?"

"அது எப்பவும் இங்கனதாண்ணே இருக்கும். அப்பா உள்ள கொண்டார மாட்டாக."

கேட்ட விலை என்னுடைய ஒன்றரை மாதச் சம்பளம். சென்னைக்காரர் சொன்னதில் கால்வாசிகூட இல்லை. பேரம் பேசினால் மனம் மாறிவிடுவானோ என்று பேசவில்லை. பணத்தைக் கையில் வாங்காமல், தொட்டி விளிம்பில் வைக்கச் சொன்னான். கை ஈரம்போல என்று நினைத்தேன். கடை வழியாகத் தூக்கிப் போகப் போனேன். "அண்ணே, அண்ணே, முன்னாடி வேணாம், இப்படிச் சந்து வழியாப் போயிருங்க" என்று பின்வாசலைத் திறந்துவிட்டான். வரி கட்டாமல் விற்கிறான், எவன் கண்ணிலும் படக்கூடாது என்று பயப்படுகிறான் என எடுத்துக்கொண்டேன். அப்போது இருபது சொச்சம் புத்தகங்கள் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். துருத்தி ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லாவற்றிலும் இருந்தது. சந்து வழியாக ஒரு சாமானை அனுப்பினால் என்ன அர்த்தம் என்று ஒன்றில்கூட இல்லை.

கேமராவைப் பெரியகுளம் அறையிலேயே வைத்துப் பழகினேன். ஃபிலிம் வாங்கக் கட்டுப்படியாகாது. ஒரு ஸ்கேன் மையத்தில் காலம் கடந்த எக்ஸ்ரே ஃபிலிம் ஒரு பெட்டி கிடைத்தது. சிவப்பு பல்பு வெளிச்சத்தில் கத்தரித்துச் செருகிக்கொண்டேன். அந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாக்கிவிடும். முதல் படம் முருகேசன். நெற்றியில் வைத்திருந்த குங்குமம் துப்பாக்கிச் சூடு பட்ட ஓட்டை மாதிரி வந்தது. இரண்டாவது படம் வைகை அணைப் பூங்காவில் ஒரு மரம். மூன்றாவது, கண்மாய் மடைக்கல். அதில் இருந்த எழுத்தை ஃபிலிமில் வைத்தே படிக்க முடிந்தது. வைகாசி பிறந்ததும், இனி அம்மாவை எடுக்கலாம் என்ற தைரியம் வந்தது.

அம்மா ஒரு நாள் லீவு சொல்லியிருந்தாள். லீவு என்றால் கூலி கிடையாது. காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு சுங்குடிச் சேலை புதிதாக வாங்கி, முதல் நாளே அலசிக் காயப்போட்டு மொடமொடப்பை எடுத்திருந்தாள். குளித்துத் திருநீறு பூசி, எண்ணெய் வைத்துப் படிய வாரி, வாசலில் வேப்பமர நிழலில் நாற்காலியைத் தானே தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தெருவில் போன ஒருத்தி, "என்ன மதினி, மாப்பிள்ளை வீட்டுக்காரக வாராகளோ?" என்று கேட்டதற்கு, "ஆமாடி, ஒனக்குத்தான் கேட்டு வாராக, போயிக் குளிச்சிட்டு வா" என்று பதில் கொடுத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

முதல் நாள் இரவு சாக்கோடு கொண்டுவந்து வைத்திருந்த கேமராவை வீட்டுக்குள் இருந்து தூக்கிவந்து நிறுத்தினேன். துருத்தியை விரித்தேன். கறுப்புத் துணியை உதறிப் போர்த்திக்கொண்டு பால்கண்ணாடியில் பார்த்தேன். அதில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். தலைகீழாக அம்மா, தலைகீழாக நாற்காலி. பிறகு நாற்காலி மட்டும்.

துணியை விலக்கினேன். அம்மா எழுந்து சுவரோரம் போய் நின்றிருந்தாள்.

"இதை எங்கடா வாங்குன?"

"தேனியிலம்மா. ஏன்?"

"அந்தத் துணி. உள்ள செவப்பு. இந்தப் பித்தளை மூக்கு." சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "இந்தப் பொட்டிதான்டா உங்கப்பாவை எடுத்துச்சு."

எனக்குப் புரியவில்லை. "நல்லதுதானேம்மா?" என்றேன். இதைவிட முட்டாள்தனமாக நான் எப்போதும் பேசியதில்லை.

"உங்கப்பா என்ன, உக்காந்து சிரிச்சுக்கிட்டா எடுத்துக்கிட்டாரு? எழவு வீட்டுல எடுத்தது அது. குளிப்பாட்டி, வாய் தொறக்காம நாடியைக் கட்டி, நாற்காலில சாச்சு வச்சிருந்தாக. என்னையப் பக்கத்துல உக்கார வச்சாக. அந்தப் போட்டோக்காரரு துணிக்குள்ள இருந்தே சத்தம் போடுறாரு: 'அழுகாதீகம்மா, ஆடிரும், அழுகாதீக.' ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுனாரு. அவரு எண்ணி முடிக்கிற வரைக்கும் நான் அழுகல."

சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். "கண்ணு தெறந்திருக்கே?"

"அது பென்சில்ல போட்டது. நெகட்டிவுல வரைஞ்சாக. அதுக்குத்தான் பெரிய பொட்டி."

ஆமாம், அதற்குத்தான். சின்ன நெகட்டிவில் பென்சில் ஓடாது. இறந்தவர் அசையமாட்டார், மெதுவான பழைய லென்சே போதும். எழவுக்கென்று ஸ்டுடியோக்காரர் தனியாக ஒரு கேமரா வைத்திருந்தார். போய்வந்த கேமராவைக் கடைக்குள் கொண்டுபோக மாட்டார். அதை உயிரோடிருக்கும் ஒருவருக்கு நேரே திருப்பமாட்டார். தேனியில் வியாபாரம் செய்கிற எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை, செல்வினும் சொல்லவில்லை.

"வேற கேமரா கொண்டுவாரேன்ம்மா. டிஜிட்டல்ல..."

"வேணாம்ப்பா. நான் ஒரு தடவை இதுக்கு முன்னாடி உக்காந்தாச்சு. எடுக்கவேண்டியதை அன்னைக்கே எடுத்துட்டாக." சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புதுச் சேலையை மாற்றிக்கொண்டு, அரைநாள் கூலியாவது கிடைக்கும் என்று குடோனுக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் போன பிறகுதான் அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு உறைத்தது. அன்றைக்கே எடுத்துட்டாக. அப்படியென்றால் எங்கோ ஒரு நெகட்டிவ் இருக்கிறது. அப்பாவை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். வெட்டாத பாதியில், முப்பதை எட்டாத அம்மா, அழுகையை அடக்கிக்கொண்டு, அரைத்தட்டு ஃபிலிமில், ஒவ்வொரு முடியும் தெரிய உட்கார்ந்திருக்கிறாள். நூலகத்துப் புத்தகத்தில் நான் பார்த்த படத்துக்கு நூறு மடங்கு மேலான படம்.

அடுத்த பஸ்ஸிலேயே தேனிக்குப் போனேன். செல்வின் ஏதோ கைபேசியைப் பிரித்து வைத்திருந்தான். முதலில் சண்டைதான் போட்டேன்.

"எழவுக் கேமரான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடா?"

"உங்களுக்குத் தெரியாதாண்ணே? கொட்டகையில கெடந்ததைப் பாத்தீகளே. தெரிஞ்சுதான் வாங்குறீகன்னு நெனச்சேன். படிச்சவக இதெல்லாம் பாக்க மாட்டாகன்னு..."

"சரி, நெகட்டிவ் எங்க? உங்கப்பா எடுத்ததெல்லாம்?"

"அதையெல்லாம் போட்டாச்சே. மதுரையிலருந்து ஒரு ஆளு வந்து, ஃபிலிமுல வெள்ளி எடுக்கணும்னு மொத்தமா நிறுத்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. மாசியில."

மாசியில். நான் வந்தது பங்குனியில். சரித்திரம் எழுதுகிறேன் என்று திரிகிறவனுக்கு ஒரு மாதம் என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது. மதுரைக்குப் போய் அந்த ஆளையும் கண்டுபிடித்தேன். ஃபிலிமைக் காரத்தில் ஊறப்போட்டால் படம் சேறு மாதிரி கழன்று அடியில் தங்கிவிடுமாம். அதை உருக்கினால் வெள்ளி. நிறமில்லாத வெறும் ஃபிலிம் தாள்கள் ஒரு மூலையில் அடுக்கியிருந்தன. "இதுல எதுவும் வேணும்னா எடுத்துக்கங்க சார்" என்றார், நல்ல மனுஷர். ஒன்றை எடுத்து அதன் வழியாகப் பார்த்தால் எதிர்ச் சுவர்தான் தெரிந்தது.

பிற்பாடு மடைகளையும் கல்வெட்டுகளையும் தேடி அந்தப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போயிருக்கிறேன். அதே கேமராதான், கல்லுக்கு ஆட்சேபம் இல்லை. காப்பி வரும்வரை சுவரைப் பார்ப்பேன். யார் யாரோ, மீசை வைத்தவர், தலைப்பாகை கட்டியவர், பல் போன பாட்டன். எல்லார் முகத்திலும் எங்கள் அப்பாவின் கண்கள். ஸ்டுடியோ பெரியவருக்கு ஒரே ஜோடிக் கண்தான் வரையத் தெரிந்திருக்கிறது. எங்கள் அப்பாவின் கண் எப்படி இருக்கும் என்பது எனக்கு அன்றோடு தெரியாமல் போயிற்று. அம்மாவிடம் கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

அதன் பிறகு எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். கைபேசியை எடுத்தால்கூட முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கல்யாண வீடுகளில் வீடியோக்காரர் வரும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். என் கல்யாண ஆல்பத்தில் அம்மா என்பது மூன்று இடங்களில் ஒரு கொண்டை. எனக்கு அவள் மேல் கோபம்தான். இன்றைக்கும் இருக்கிறது.

அவள் இறந்த அன்று தெருப் பையன்கள் அஞ்சலி பேனர் அடிக்கப் படம் கேட்டார்கள். வாக்காளர் அட்டையைக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் வாசலில் பேனர் நின்றது. தலை மட்டும் அம்மாவுடையது, வெளுக்கவைத்து. கழுத்துக்குக் கீழே அரக்கு நிறப் பட்டுச் சேலை கட்டிய வேறு யாரோ ஒரு பெண். கணினியில் தயாராக வைத்திருக்கிற உடம்பாம், எல்லாருக்கும் அதையே போடுவார்களாம். வந்தவர்கள் எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். காரியம் முடிந்ததும் பேனரை யாரோ ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட எடுத்துப்போனார்கள். கொடுத்துவிட்டேன்.

கேமராவைக் குமுளிப் பக்கம் ஒரு தங்கும் விடுதிக்காரர் வாங்கிக்கொண்டார். வரவேற்பறையில் விளக்குப் போட்டு நிறுத்தியிருக்கிறார். வருகிறவர்கள் பிள்ளை குட்டிகளோடு அதற்கு முன்னால் நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேள்வி. அது தெரிந்தும் நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்வினின் கைபேசிக் கடையும் இல்லை. எக்ஸ்ரே எடுத்தால் ஃபிலிம் கொடுப்பதில்லை, தாளில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். எழவு வீட்டில் இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தே வெகுகாலம் ஆகிறது. அது போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

போன தையில் போடியில் அம்மா வேலை பார்த்த குடோனுக்கு ஒரு தகவலுக்காகப் போயிருந்தேன். முறங்கள் இல்லை, வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் இல்லை. சின்ன அறை அளவுக்கு ஓர் இயந்திரம் நிற்கிறது. மேலே மூட்டையைக் கொட்டினால் கீழே பச்சை தனி, வெளுத்தது தனியாக விழுகிறது. எப்படித் தெரிந்துகொள்கிறது என்று கேட்டேன். மேற்பார்வையாளர் பெருமையாகச் சொன்னார்: "உள்ள கேமரா இருக்கு சார். விழுற ஒவ்வொரு காயையும் ஒரு போட்டோ எடுத்துப் பாத்துத்தான் அனுப்பும். ஒண்ணுகூடத் தப்பாது."